இடுப்பில் இல்லாத தடி

எனக்கு வலிச்சா வெளிய சொல்ற பழக்கம் கிடையாது. கிள்ளான் பக்கத்துல மேருங்கிற ஊருல ஒரு குடோன் வாசல்ல பதினெட்டு வருசமா துணைப் போலீஸா நிக்கிறேன். பொம்பளதானேன்னு எந்த லோரிக்காரனும் எளக்காரமா பார்த்துடக் கூடாதுன்னு, நெஞ்ச நிமித்தி முட்டிய விறைச்சு நிக்கிறவ நான். வலது முட்டி வீங்க ஆரம்பிச்சு மூணு வருசமாச்சு. எங்க மேலதிகாரி சார்ஜன் மலாய்க்காரர், நல்ல மனுசன். நான் நொண்டுறதப் பார்த்தா, "சாக்கிட்?"னு கேப்பாரு, வலிக்குதான்னு. "தாக் சாக்கிட், சார்ஜன்"னு பட்டுன்னு சொல்லிடுவேன். வலிக்கலயாம்! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற வேல. அவரும் நம்பிட்டுப் போயிடுவாரு.

ஆனா ஓட்டத்துல மறைக்க முடியாதே. எங்களுக்கு வருசா வருசம் ஓட்டப் பரீட்சை உண்டு. திடல ஆறு சுத்து சுத்தணும், குடுத்த நேரத்துக்குள்ள. போன ரெண்டு வருசமும் கோட்ட விட்டுட்டேன். மூணாவது தடவையும் போச்சுன்னா யூனிபோர்மக் கழட்டிக் குடுத்துட்டு, எங்கயாவது கார் பார்க்குல சாதா செக்யூரிட்டி கார்டா உக்கார வேண்டியதுதான். அந்தச் சட்டையப் போட்டப்புறம்தான் எங்க குடும்பத்துல என்னையும் ஒரு ஆளா மதிச்சாங்க. அத விட்டுக் குடுக்க எனக்கு மனசே இல்ல.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது, கூட வேல பாக்குறவ சொல்லி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுல ஒரு வகுப்புக்குப் போனேன். ஞாயித்துக்கிழம காலையில கிள்ளான்ல கோமுட்டர் ரயில் ஏறணும். பூமாலைக் கடைக்கு மேல ஒரு ஹால். நடத்துறது தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்த பிசியோ பொண்ணு, என்னை விட பத்து வயசாவது சின்னவ. உடம்பு எப்படி அசையுதுன்னு கவனிக்கிறதுதான் பாடமாம்.

"மல்லாந்து படுங்க அக்கா. ரெண்டு முட்டியையும் மடக்கி மெதுவா ஒரு பக்கமா சாய்ங்க. இழுக்குற எடம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. அதுலயும் பாதி தூரம் போனாப் போதும்."

பாதியா? நானே ரெண்டு மடங்கு வேகத்துக்கு எங்க போவேன்னு தவிச்சுக்கிட்டு இருக்கேன், இவ பாதி போதும்ங்கிறா! மின்விசிறியப் பார்த்துக்கிட்டு ஒரு மணி நேரம் படுத்துக் கெடந்தேன். பக்கத்துல ஒரு ஆன்டி கொறட்டையே விட்டுச்சு.

வீட்டுக்காரர் லோரி ஓட்டுறவர். விசயத்தச் சொன்னதும், "படுக்குறதுக்கு கிள்ளான்ல தரை இல்லையா லா? பேசாம வாய்க்கு டெஸ்ட் வைக்கச் சொல்லு, நீதான் ஃபர்ஸ்ட் வருவே"ன்னாரு. வேற நாளா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அன்னைக்கு சோத்துத் தட்ட நங்குன்னு வச்சிட்டு எழுந்து போயிட்டேன்.

பாதி செய்யறதெல்லாம் எனக்கு ஆகாது. அணிவகுப்புல வளந்த ஒடம்பு இது. தெனம் வேல முடிஞ்சு வந்து வீட்டு ஹால்ல பாய் விரிச்சு, "சத்து, டுவா, தீகா"ன்னு மலாய்ல ஒண்ணு, ரெண்டு, மூணு சத்தமா எண்ணிக்கிட்டு ஒவ்வொரு அசைவையும் நூறு தடவ செஞ்சேன், பல்லக் கடிச்சுக்கிட்டு. மூணு வாரம் செஞ்சேன். முட்டி, ஆவியில வெந்த பாவ் பன்னு மாதிரி உப்பிப் போச்சு. படி எறங்க செவுத்தப் புடிக்க வேண்டியதாயிடுச்சு.

நாலாவது ஞாயிறு அந்தப் பொண்ணு முட்டியப் பார்த்துட்டு, "வீட்டுல எத்தன தடவ செஞ்சீங்க?"ன்னா.

"நூறு." பெருமையாத்தான் சொன்னேன்.

"ஐயோ அக்கா! இங்க உங்கள யாரும் கணக்கு கேக்கல. நாலு தடவ போதும். ஆனா என்ன நடக்குதுன்னு பாத்துக்கிட்டே செய்யணும்."

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அவ்வளவு ஆத்திரம். "உனக்கென்னம்மா, உன் சட்டையவா கழட்டப் போறாங்க?"ன்னு கத்திட்டேன். கொறட்ட ஆன்டி கூட எழுந்து உக்காந்துடுச்சு. எனக்கே வெக்கமாப் போச்சு.

அவ கோவப்படல. "படுங்க அக்கா. இடது கையக் கீழ வைங்க"ன்னா.

"வச்சுத்தானே இருக்கேன்."

ஒரு சின்னத் துண்ட எடுத்து என் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவுல நொழைச்சா. எங்கயும் தட்டாம போயிட்டு வந்துச்சு. வலது பக்கம் நொழைக்கப் பார்த்தா, நொழையவே இல்ல. "இடது பக்கம் மட்டும் எதுக்கு எடம் விட்டு வச்சிருக்கீங்க?"

அப்பதான் ஒறைச்சுது. தடி! வேலைல என் பெல்ட்டுல தடி தொங்குறது இடது பக்கம். கை அதுல இடிக்காம இருக்க, தள்ளியே வச்சுப் பழகிட்டேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழம, டீ-சர்ட்டுல படுத்துக் கெடக்கேன், பெல்ட்டு வீட்டு ஆணியில தொங்குது. கை மட்டும் இன்னும் டூட்டில நிக்குது.

அவ என்னை நடக்க வச்சுப் பார்த்தா. இடது கை வீசாததால முதுகு திரும்பலயாம், எல்லா அடியையும் வலது முட்டியே வாங்குதாம்.

மிச்சம் இருந்த மூணு வாரமும் நாலு தடவையோட நிறுத்தினேன். எனக்கு அதுதான் பெரிய தண்டன. வீக்கம் வத்திச்சு. ஆனா ஆறு சுத்தையும் ஓடிப் பார்க்கக் கூடாதுன்னுட்டா. முடியுமா முடியாதான்னு தெரியாமயே பரீட்சை அன்னைக்குத் திடலுக்குப் போனேன். காலையில பசியாறக் கூட இல்ல.

மொத மூணு சுத்து நல்லாத்தான் போச்சு. நாலாவதுல சின்னப் பசங்கல்லாம் என்னைத் தாண்டிப் போக, பயம் புடிச்சுக்கிச்சு. மூச்ச அடக்கினேன். பல்லக் கடிச்சேன். இடது முழங்கை வெளிய போச்சு. முட்டியில சுருக்குன்னு குத்துச்சு. போன ரெண்டு வருசமும் இதே எடத்துலதான் வெறி புடிச்சு மிதிச்சு, காலு போச்சு.

இந்தத் தடவ நான் வேகத்தக் கொறச்சேன். சத்தியமாச் சொல்றேன், என் வாழ்க்கைல அவ்வளவு பயந்தது இல்ல. இன்னும் ரெண்டு பேரு தாண்டிப் போனாங்க. இடது கைய எறக்கி இடுப்பத் தொட்டேன். அங்க ஒண்ணும் இல்ல. இன்னொரு வாட்டி தொட்டேன், ஒண்ணுமே இல்ல. கை தானா முன்ன பின்ன வீச ஆரம்பிச்சுது, மூச்சு எறங்குச்சு, முட்டி சத்தமில்லாம போச்சு. அஞ்சாவது சுத்து எப்ப முடிஞ்சுதுன்னே தெரியல.

கடைசிக் கோட்டத் தாண்டினப்ப இன்னும் ஒம்போது வினாடி மிச்சம். சார்ஜன் கடிகாரத்த எங்கிட்ட காட்டி, "பாஸ்"ன்னாரு. நான் புல்லுல உக்காந்து, அத்தன பேரு முன்னாடியும் ஓன்னு அழுதுட்டேன்.

அவரு பதறிப் போய்ட்டாரு. குனிஞ்சு, "சாக்கிட்?"ன்னாரு.

"தாக் சாக்கிட், சார்ஜன்"னேன். மூணு வருசத்துல மொத தடவயா அது நெசம்.

மனுசன் நம்பவே இல்ல. ஐஸ் கொண்டாரச் சொல்லி ஆள ஓட விட்டுட்டு, என் முட்டியையே பாத்துக்கிட்டு நின்னாரு.