நெல்லுக்குத் தனி விலை

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்த பிறகு, நீடாமங்கலத்தில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். நான் தஞ்சாவூரில் வேலை முடித்து வரும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிக் காலத்திலிருந்து நான் ஆடிவந்த விவசாய கேமைத் திறந்து, அவர் இடது கையைக் கீபோர்டில் வைத்தேன். டிராக்டர் நகர்ந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு வாரம் கோதுமை அறுத்தார். பிறகு குழறலாகக் கேட்டார்: "நெல்லு இல்லையாம்மா?"

இருந்தது. தனியாக வாங்க வேண்டும். முழு விலைக்கு கேமை விற்றுவிட்டு, அதிலேயே இருந்திருக்க வேண்டியதைத் துண்டு துண்டாக விற்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். இணையத்தில் நாங்கள் திட்டாத நாளில்லை. திட்டிக்கொண்டே வாங்குவோம். அன்றும் வாங்கினேன்.

அப்பா நாற்று நட்டார். ஐப்பசி மழையில் நெட் போனால் கேம் திறக்காது. "மழை பெஞ்சா வயலுக்குப் போவக் கூடாதா?" என்று என்னிடம் கோபப்படுவார்.

பொங்கல் கழிந்து அறிவிப்பு வந்தது. புதுப் பதிப்பு வருகிறது, பழையது நிறுத்தப்படும். சேர்த்தது எதையும் கொண்டுபோக முடியாது. நெல்லுக்கு மறுபடி தனி விலை. இனி வாங்குவதில்லை என்று விளையாடுகிறவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அப்பாவின் நிலையை விளக்கிக் கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குக் கீழேயே புதுப் பதிப்பின் விளம்பரம்.

வேறு கம்பெனியின் கேம்களைப் போட்டுக் காட்டினேன். ஒன்றில் மாடு சிரித்தது. "இது பொம்மை," என்று கையை எடுத்துக்கொண்டார்.

நிறுத்திய அன்று திரையில் இரண்டு வரி அறிவிப்பு மட்டும் இருந்தது. அப்பா கீயைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கதிர் முத்தி நிக்குதும்மா. அறுக்கணும்."

"மூடிட்டாங்கப்பா."

"யாரக் கேட்டு?"

நான் அந்த அறிவிப்பை மூடினேன். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார், "புதுசு எப்ப வருது?"

"வேணாம்ப்பா. நம்மள ஏமாத்துறாங்க."

"தெரியும்," என்றார். "வேற யாருகிட்ட வயல் இருக்கு?"

வந்த அன்றே நெல்லோடு சேர்த்து வாங்கினேன். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் எனக்கு முன்னால் உள்ளே இருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தொடங்குமுன் நிபந்தனைகள் வந்தன. எந்த நேரத்திலும் சேவையை நிறுத்தக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்ற வரியை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். அப்பாவின் விரல் கீபோர்டின் மேல் காத்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன் என்பதை அழுத்தினேன்.