ஜாம் வைக்காத கேக்

விமான நிலையத்தில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயணிகளின் கைப்பைகள் பெல்ட்டில் ஏறி இயந்திரத்துக்குள் போகும்போது, அவற்றின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று திரையில் பார்ப்பது அவள் வேலை. சந்தேகம் வந்தால் பொத்தானை அழுத்துவாள். பெல்ட் நிற்கும். பக்கத்து மேசையில் கூட வேலை பார்க்கிற மீசைக்காரர் பையைத் திறந்து பார்ப்பார்.

வழியில் தின்பதற்கென்று ஜனங்கள் கொண்டுவருகிற பண்டங்கள் இருக்கின்றனவே, அப்பப்பா! ஒரு அம்மாள் பிஸ்கட்டுகளைக் காலுறைக்குள் சுருட்டி ஒளித்துவைத்துவிட்டுத் திருதிருவென்று முழித்தாள். "ஏம்மா, பிஸ்கட்டுக்கு யாரு தடை போட்டா? கெட்டியா இருக்கறதைத் தாராளமா கொண்டு போலாம். ஜாம், சாஸ்னு கொழகொழன்னு இருக்கறதுதான் ஆகாது" என்று மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு மகானுபாவர், ஜாம் பாட்டிலை விடமாட்டோம் என்றதும், அங்கேயே நின்று விரலால் வழித்து முழுசையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டபடி போனார். இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னால் அவள் புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

சிரித்த மனுஷன் போய்விட்டார். போன அன்று காலையில் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் லீவு போடேம்மா. எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்று மகன் கெஞ்சினான்.

"ஆள் இல்லடா அங்க. வாயுவா இருக்கும், வெந்நீர் குடு" என்று சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வேலை நேரத்தில் செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தான். ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்து, "ஊரான் பெட்டியெல்லாம் பார்த்து முடிச்சுட்டியா?" என்று கேட்டான் மகன். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அவள் தேடிப் போனால் கதவைத் திறக்க மாட்டான்.

அவன் வெளிநாட்டுக்குப் போகிற சேதி மகள் மூலமாகத்தான் தெரிந்தது.

"அங்கயே வேலை கிடைச்சிருக்காம்மா. திரும்பி வர்ற எண்ணமே இல்லைங்கறான் அண்ணன்."

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கேக் செய்ய உட்கார்ந்தாள். சின்ன வயசில் அவனுக்கு நடுவில் ஜாம் வைத்தால்தான் கேக். இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். ஆனால் ஜாம் வைத்தால் பெல்ட்டில் வம்பு வருமே! ஜாமை விட்டுவிட்டாள். உலர்ந்த பழமும் முந்திரிப் பருப்புமாகப் போட்டுக் கெட்டியாகச் செய்து, உதிராமல் இருக்க டப்பாவில் அழுத்தி அமுக்கி, ஃபாயில் தாளால் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். 'ஃபாயில்ல சுத்தாதீங்க, திரையில கரேல்னு தெரியும்' என்று ஊருக்கெல்லாம் வாய் வலிக்கச் சொன்னவள், தன் பிள்ளை என்று வந்ததும் அதை அடியோடு மறந்துபோனாள்.

"நீ குடுத்ததுன்னு தெரிஞ்சா வாங்க மாட்டான்மா" என்றாள் மகள்.

"அவன் கையில குடுக்காத. பைக்கு அடியில வச்சுடு. அங்க போய்ப் பிரிச்சா வாசனையிலயே தெரிஞ்சுடும். பசியில ஒரு வாய் தின்னுட்டான்னா, எனக்கு ஒரு போன் பண்ணாமலா இருந்துடுவான்?"

அந்த ஒரு போனுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அவன் போகிற நாளில் வேலைக்கு வருகிற மாதிரி ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள். சொந்தக்காரர் வரிசையில் வந்தால் நாற்காலியை வேறு ஆளிடம் விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அவன் வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவள் எழவில்லை. கண்குளிர ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேனே, யார் குடி முழுகிவிடப் போகிறது?

பை உள்ளே நுழைந்தது. திரையில் சட்டைகள், செருப்பு, சார்ஜர். அடியில் செங்கல் போல ஒரு கட்டி, உள்ளே ஒன்றும் புலப்படாமல் கரேலென்று.

அது என்னவென்று உலகத்தில் அவளைவிடத் தெரிந்தவர் யார்? சும்மா இருந்திருந்தால் போதும், பை பாட்டுக்குப் போயிருக்கும். பாழாய்ப்போன விரல்! இத்தனை வருஷமாகப் பழகிய பழக்கத்தில் அது தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. பெல்ட் நின்றது. ஐயோ என்று அவள் கையை இழுத்துக்கொள்வதற்குள் மீசைக்காரர் பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

பையை யார் நிறுத்தியது என்று மகன் திரும்பிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகம் இறுகியது.

மீசைக்காரர் ஃபாயிலைப் பிரித்து டப்பாவைத் திறந்தார். வாசனை அவள் நாற்காலிவரை வந்தது. ஒரு துண்டுத் துணியால் டப்பாவைத் துடைத்து, வெடிமருந்து ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அந்தத் துணியை மெஷினில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார், கேக்தான். கெட்டியாத்தான் இருக்கு, தாராளமா கொண்டு போங்க. வாசனை ஆளைத் தூக்குதே, யாரு செஞ்சு குடுத்தாங்க?"

மகன் டப்பாவைப் பார்த்தான். பிறகு அவளை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யாரோ தெரியாதவங்க. எனக்கு வேணாம், தூக்கிப் போட்டுடுங்க."

அவன் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். நடையும் அந்தத் தோள் சாய்வும் அப்படியே அவன் அப்பா. கூட்டத்துக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பா குப்பைத்தொட்டியில் விழுந்தது.

"திமிரைப் பார்த்தீங்களாக்கா? யாரோ பாசமா செஞ்சு குடுத்திருக்காங்க, ஒரு துண்டு பிட்டு வாயில போடக்கூட மனசில்ல" என்று மீசைக்காரர் பொருமினார். "இவனையெல்லாம் ஒருத்தி பெத்து வச்சிருக்கா பாருங்க!"

பயணிகள் முணுமுணுத்தார்கள். பெல்ட்டை ஓட்டச் சொல்லி மேற்பார்வையாளர் குரல் கொடுத்துக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவர் காதில் விழுந்தால் வேலைக்கே உலை வைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சத்தமாகவே சொன்னாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. அவன் எம்புள்ள."