வீட்டுக்கு இரண்டு பாவு

ரேஷன் என்ற சொல்லை நான் ஈரோட்டில் கேலியாகத்தான் கேட்டு வளர்ந்தேன். கஞ்சன் வீட்டு விருந்துக்குப் போய்வந்தால், "அங்க சாம்பார் கூட ரேஷன் தானுங்க" என்று சொல்லிச் சிரிப்போம். கல்யாணமாகி மைசூருக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரே வாரத்தில் அந்தக் கேலி எனக்கு மறந்தே போனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். காவிரித் தண்ணீர்த் தகராறு. ரேடியோவில் அதை மரியாதையாகப் 'பங்கீடு' என்றார்கள். தெருவிலோ கல்லும் தீயும். வேலையாகச் சாமராஜநகர் போன என் கணவர், பஸ் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஊரடங்கு போட்டுவிட்டார்கள். வீட்டில் நானும், எட்டு மாதக் குழந்தையும், கல்லூரியில் படிக்கும் நாத்தனாரும்தான்.

நாத்தனார் மைசூரிலேயே பிறந்தவள். ரேஷன் போடுவதில் ராணி. மண்ணெண்ணெய்க்கு ரேஷன், அரிசிக்கு ரேஷன், கடைசியில் பேச்சுக்கும் போட்டாள்.

"அண்ணி, சும்னே இருங்க. தமிழ் வெளிய கேட்டா கதை முடிஞ்சுது."

"அப்ப இவளை எப்படித் தூங்க வெக்கறது? கன்னடத்துல எனக்குத் தாலாட்டு வராது, மகராசி!" என்று எரிந்து விழுந்தேன். கோபமெல்லாம் இல்லை, பயம்தான் அப்படி வந்தது.

எனக்குப் பால் வற்றியிருந்தது. டப்பாவிலும் மாவு தீர்ந்துபோனது. கடைசி வேளைகளில் தண்ணீரைக் கூட்டிக் கலக்கிப் பார்த்தேன். குழந்தையா ஏமாறும்? அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் காலை ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். தெருமுனையில் பால்காரர் கேனோடு வந்திருந்தார். வயசுப் பெண்ணை அனுப்ப மனம் வரவில்லை, நானே கிளம்பினேன். தமிழ்த் தாலி என்று தெரியாதபடி கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு, சொல்ல வேண்டிய கன்னடத்தை வழியெல்லாம் மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

"மனெகெ எரடே பாவு!" என்று பால்காரர் கத்திக்கொண்டிருந்தார். பாவு என்பது அவர் கையிலிருந்த அளவுக் குவளை. வீட்டுக்கு இரண்டு குவளைதான். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதே தட்டுப்பாடு.

என் முறை வந்தது. பிசகாமல் கேட்டுவிட்டேன். அப்பாடா என்று தூக்குவாளியை நீட்டினால், அவர் கை பாதியில் நின்றது. வாளியையே பார்த்தார். நானும் பார்த்தேன். சீர் வாங்கும்போது அம்மா கடையில் நின்று வெட்டச் சொன்ன என் பெயர், தமிழில், கொட்டை எழுத்தில்! நாக்குக்குப் பூட்டுப் போட்டவளுக்குப் பாத்திரம் ஞாபகம் வரவில்லையே. பெயர் வெட்டாத பாத்திரம் எங்கள் வீட்டில் ஒரு கரண்டி கூடக் கிடையாது.

விளக்குக் கம்பத்தடியில் நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாளியை அவர் கையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

கதவைத் தாழ் போட்டு மூச்சு வாங்குவதற்குள் தட்டும் சத்தம். குரல் இல்லை. வெறும் தட்டல். மறுபடியும் தட்டல்.

"வந்துட்டானுங்க" என்றேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தட்டல் நின்ற பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் குழந்தை அழுகையை நிறுத்தியது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. நாத்தனார் தவழ்ந்துபோய் வடிகஞ்சி கொண்டுவந்து ஸ்பூனில் ஊட்டினாள். குழந்தை பாதி குடித்தது, பாதியைத் துப்பியது.

பொழுது சாயும் நேரத்தில் கதவை ஒரு விரற்கடை திறந்தேன். வாசற்படியில் என் தூக்குவாளி. பெயர் வெளியே தெரியாதபடி யாரோ பழைய புடவைக் கிழிசலை அதன்மேல் இறுகச் சுற்றியிருந்தார்கள். மூடியைத் திறந்தேன். இரண்டு பாவு ஊற்றினால் அந்த வாளியில் பாதிகூட வராது. கழுத்துவரை பால் இருந்தது. அந்த வரிசையில் யார் யார் வீட்டுப் பங்கோ!

முகர்ந்து பார்த்தேன். பால் திரிந்துபோயிருந்தது. தட்டியபோதே திறந்திருந்தால் என் பெண் வயிறு நிறையக் குடித்திருப்பாள்.