பானைக்குள் இருந்தவரையும் மனுவில் எழுதியவர்

ஒரு அநியாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் ரஹீம் பாயைப் பற்றி என்னால் பேச முடியும். எங்கள் ஊர்க் கரட்டில் கிராவல் வெட்டக் கேட்டவருக்கு இருபது நாளில் உத்தரவு வந்தது. அதே கரட்டில் வெளியே தெரியும் ஒரு முதுமக்கள் தாழியை, உள்ளே இருக்கும் எலும்புகளோடு முறையாக அகழ்ந்தெடுக்க ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்கு அனுமதி கொடுங்கள் என்று நாங்கள் கேட்டு ஆறு வருடம் ஆகிறது. இன்னும் வரவில்லை. கேட்ட இருவரில் ஒருவர் போய்விட்டார்.

அவர் மகள் போன் செய்தபோது நான் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கையில் அவர் கேட்டிருந்த, கரட்டை அளந்து வரைந்த புலப்படத்தின் நகல். "பெரியப்பா, அத்தா காலையில மவுத்தாயிட்டாங்க" என்றாள். "புலப்படம் கெடச்சிருச்சும்மா" என்றேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இறங்கி, அவர் வீடு இருக்கும் கோட்டக்குப்பம் போகப் பாண்டி பஸ்ஸுக்கு மாறினேன்.

உங்களில் பலருக்கு அவர் விழுப்புரத்தில் மனு அடித்துக் கொடுத்தவர். துபாயில் டைப்பிங் வேலை பார்த்துவிட்டு வந்து, ஒரு கம்ப்யூட்டரும் பிரின்டரும் வைத்து சந்துக்குள் கடை போட்டவர். பட்டா மாறுதலோ, விதவை உதவித்தொகையோ, எதுவானாலும் அடித்து முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவார். எதிரே இருப்பவர் "ஆமா, இதான் நான் சொன்னது" என்ற பிறகுதான் பிரின்ட். பின்னால் நிற்பவர்கள் "ஜல்தி பாய், பஸ்ஸு போயிடும்" என்று கத்துவார்கள். "உனக்குத் தெரியாம உன் மனுவை அனுப்பினா அது என் மனு ஆயிடும். நில்லு" என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவன், மல்லாட்டைப் பயிர் போடுகிற விவசாயி. தாழிகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நூலகத்தில் நானாகப் படித்தது. கிராவல் பள்ளத்தின் சுவரில் அந்தத் தாழியைப் பார்த்ததும் பாயிடம் ஓடி, "பானை இருக்கு, எடுக்கணும்னு அடிங்க" என்றேன். அவர் அடிக்கவில்லை. மறுநாள் ஊருக்கு வந்து பள்ளத்தில் இறங்கினார். உடைந்த விளிம்புக்குள் ஒரு தொடை எலும்பும், பல்லோடு தாடையும் தெரிந்தன. வெகுநேரம் நின்றார். "அண்ணே, பானைய மட்டும் எழுதச் சொன்னீங்க. உள்ள ஒருத்தர் இருக்காரே?" என்றார்.

'மனித எலும்புகள்' என்று அவர் சேர்த்த சொல் எங்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனது. "இன்னா பெரியவரே, எலும்பு கெடச்சா மொதல்ல எங்ககிட்ட இல்ல வரணும்? ஆளு எப்ப செத்தாரு?" என்றார் ஏட்டு. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றேன். "காணோம்னு யாராச்சும் புகார் குடுத்திருக்காங்களா?" ஏட்டு கிண்டல் செய்யவில்லை, அவருடைய படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. பாய் பணிவாக, "லேட்டுதான் சார். இப்ப நாங்க குடுக்கறோம்" என்றார். வெளியே டீக்கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் பயந்துவிட்டார்.

அதன் பிறகு சிரிப்பு இல்லை. காவல் துறையின் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும் என்றது ஒரு அலுவலகம். வருவாய்த் துறை விசாரித்தால்தான் சான்று என்றார்கள் காவல் நிலையத்தில். எலும்பு பழையது என்று நிபுணர் சொன்னால்தான் விசாரணை என்றார்கள் இன்னொரு இடத்தில். தோண்டாமல் நிபுணர் எப்படிச் சொல்வார்? அலுவலகங்களின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் வருடம் ஒரு குமாஸ்தா, "எலும்புங்கறத எடுத்துட்டு வெறும் பானைன்னு போடுங்க, உடனே முடியும்" என்றார். பாய்க்குத் தெரியாமல் திண்டிவனத்தில் வேறு கடையில் அப்படியே அடித்துப் போட்டேன். அந்தக் கடையில் யாரும் படித்துக் காட்டவில்லை. மழைக்கு முன்பே உத்தரவு வந்தது. பெருமையோடு பாயிடம் நீட்டினேன்.

படித்தார். "உள்ள இருக்கறவரு?"

"பானையோட அவரும் வரப் போறாரு. எங்க போவாரு?"

"பேப்பர்ல இல்லாதவரு சாக்குமூட்டையில போவாரு அண்ணே."

மனுவில் உண்மை முழுதாக இல்லை என்று அவரே தொல்லியல் துறைக்கு எழுதிப் போட்டார். உத்தரவு நிறுத்தப்பட்டது. "உன்னோட பெரிய பேஜாரு" என்று கத்திவிட்டு வந்தேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை.

பிறகு வேறொரு ஊரில் எடுத்த தாழியைப் பார்க்கப் போனேன். ஒட்டி, எண் எழுதி, அழகாக வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த எலும்பு எங்கே என்று கேட்டேன். பொறுப்பாளர் பட்டியலைப் புரட்டினார். பட்டியலில் இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக விழுப்புரம் போனேன். மன்னிப்பு எல்லாம் எனக்குக் கேட்க வராது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். "டீ சொல்லட்டா?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் மனுக்கள் இருந்த கோப்பை வெளியே எடுத்து வைத்தார். அன்றுதான் தன் அத்தாவை அடக்கம் செய்த கதையைச் சொன்னார். குழி வெட்டும்போது பழைய எலும்பு ஒன்று வந்ததாம். வெட்டியவர் மண்வெட்டியை வைத்துவிட்டு, இதை என்ன செய்யட்டும் என்று பெரியவர்களைக் கேட்டாராம். அவர்கள் சொன்ன பிறகு, துணியில் சுற்றி அதே குழியில் ஓரமாக வைத்தாராம். "அவரு நின்னு கேட்டாரு அண்ணே. அதான் அனுமதி. மத்ததெல்லாம் அதுக்கு அடிக்கிற பேப்பர்" என்றார் பாய்.

இப்போது விழுப்புரம் போனால் கால் தானாக அந்தச் சந்துக்குத் திரும்புகிறது. கடை பூட்டியிருக்கிறது. வீட்டில் சில நாள் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறேன். அவர் குரல் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படிக்கும் பழக்கமும், தடித்த ஒரு கோப்பும்தான்.

பள்ளத்தின் சுவர் போன மழையில் ஒரு முழம் சரிந்தது. அடுத்த மழையைத் தாழி தாங்காது. ஆகவே சொல்கிறேன். காவல் நிலையம் அந்தப் படிவத்தை முடித்துச் சான்று தர வேண்டும். வருவாய்த் துறை நேரில் வந்து பார்க்க வேண்டும். கரட்டில் மேற்கொண்டு கிராவலுக்கு உத்தரவு கொடுக்கக் கூடாது. தொல்லியல் துறை எங்கள் முதல் மனுவின் மீது, அதில் உள்ள சொற்களோடு, உத்தரவு போட வேண்டும். பல்கலைக்கழகம் எலும்பு தெரிந்த ஆளை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பல்லையும் பட்டியலில் எழுத வேண்டும். ஆய்வு முடிந்தபின் எலும்புகளை எங்கே வைப்பது என்று எங்கள் ஊராட்சி கிராம சபையில் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது என் பொறுப்பு.

பாயிடம் ஒருமுறையாவது மனு அடித்தவர்களே, நீங்கள் ஆளுக்கு ஒரு மனு இதற்காகப் போட வேண்டும். அடித்துக் கொடுக்க அவர் இல்லை. கையாலேயே எழுதுங்கள்.