யூபோனியத்துக்குள் கொண்டைக்கடலை

ஊறிப் புளித்த கொண்டைக்கடலையின் நெடியும், பித்தளையைத் தேய்த்தால் கையில் ஒட்டுமே ஒரு பச்சை வாடை, அதுவும் கலந்து ஒரு வாரம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கடலை ஊறவைத்த சட்டியைத் திறந்தால் எனக்கு அக்கா கல்யாணம்தான் மூக்கில் ஏறும்.

அப்பா பட்டாளத்தில் பேண்டு வாசித்தவர். பென்ஷனோடு ராஜபாளையம் வந்த பிறகு இங்குள்ள பேண்டு செட்டில் யூபோனியம் ஊதினார். நெஞ்சோடு அணைத்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழல் அது. தெருவில் "ஆனைக்குழல்" என்பார்கள். சப்பரமோ, கல்யாணமோ, கல்லறைக்குப் போகிற ஊர்வலமோ, மற்ற குழல்கள் மேலே துள்ளும்போது அப்பாவின் குழல் அடியில் நின்று அத்தனையையும் தாங்கும். அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்துவிடும். பெற்றவர் என்பதற்காகச் சொல்லவில்லை, அவரைப் போல ஊத இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அக்கா செசிலியை ஸ்ரீவில்லிபுத்தூரில் பேசி முடித்த அன்று, சம்பந்தி வீட்டார் முன்னால் அப்பா ஒரு வார்த்தை விட்டார்: "எம்மகள உங்க ஊரு மாதா கோயில்லருந்து உங்க வாசல் வரைக்கும் நானே ஊதிக் கூட்டியாருவேன்." நகைக்கும் சேலைக்கும் வாய் திறக்காத அக்கா, அதன் பிறகு தினமும் கேட்டது ஒன்றுதான்.

"அன்னைக்கி எந்தப் பாட்டுப்பா?"

"அன்னைக்கிக் கேட்டுக்கோட்டி."

கல்யாணம் நெருங்கிவரும் சமயத்தில், வத்திராயிருப்பில் வாசித்துவிட்டு வரும்போது, பஸ் கூரையில் கட்டியிருந்த குழல் கயிறு அவிழ்ந்து ரோட்டில் விழுந்தது. அடிவளைவில் உள்ளங்கை அகலத்துக்கு நெளிசல். ஊதினால் சத்தம் வந்தது, சளி பிடித்தவன் பேசுவது போல. மதுரையில் பழுதுபார்க்கிற ஆள் இருப்பதாக பேண்டு மாஸ்டர் சொன்னார். "பட்டாளத்துல இத அக்கு அக்காக் கழத்தி மாட்டுனவன் நான், எவன் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்" என்றுவிட்டார் அப்பா. அந்த ரோஷம் எங்கள் ரத்தத்தில் உள்ளது. இளையவள் எனக்கும் உண்டு, அதைக் குறையென்று நான் நினைத்ததில்லை.

யோசனை சொன்னவர் அம்மாவின் தம்பி சூசை மாமா, சைக்கிள் கடைக்காரர். கழுத்துக் குறுகின மண்பானையில் கடலையை நிறைய ஊறப்போட்டு மறந்தால் பானை வெடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். "பானையவே பொளக்குற கடலை இந்த நெளிசலத் தள்ளாதா மச்சான்?" என்றார். அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. குழலின் அகன்ற வாய் வழியாகக் கடலையைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மேலே துணியைத் திணித்து, கட்டையால் இறுக்கினார்கள்.

விடிந்து பார்த்தால் நெளிசல் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் குழாய்கள் சேருகிற ஒட்டுதான் பிளந்திருந்தது. பாதிக் கடலை வெளியே வரவேயில்லை. மாமா பிரேக் கம்பியை விட்டுக் குடைந்தார், கொதிநீர் ஊற்றினார். அது இன்னும் ஊறிப் பருத்து, பிறகு அழுகியது.

"சளின்னு வந்தவனுக்கு வயித்தக் கிழிச்சு வைத்தியம் பாக்குறீக. இருக்குற சத்தமாவது மிஞ்சட்டும், விடுங்க" என்றாள் அம்மா.

"பொம்பளைக்கு என்னக்கா தெரியும் இதுல?" என்றார் மாமா.

"கடலையத் தெரியும்லே."

அவர்கள் விடவில்லை. பிளந்த ஒட்டை மூட, அண்டா ஒட்டுகிற ஈயத்தை வாங்கி, கரி அடுப்பில் குழலைக் காய்ச்சினார்கள். அந்தச் சூட்டில் நன்றாயிருந்த ஒட்டுகளும் இளகின. உருகிய ஈயம் உள்ளே ஓடி, விரலால் அமுக்குகிற பிஸ்டன்களில் போய் உறைந்தது. அப்பா மூன்றையும் அமுக்கிப் பார்த்தார். ஒன்றுகூட இறங்கவில்லை. அன்றிலிருந்து அக்கா எந்தப் பாட்டு என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வேறு செட்டிலிருந்து ஒரு குழல் இரவல் வாங்கித் தருகிறேன் என்று மாஸ்டர் வந்து நின்றார். "அடுத்தவன் வாய் வச்சதுல எம்மகளுக்கு ஊத மாட்டேன்" என்றார் அப்பா.

கல்யாணத்தன்று அந்தக் குழலையே புளி போட்டு மினுங்கத் தேய்த்து, நெளிசலை நெஞ்சுப் பக்கம் திருப்பிப் பிடித்து, யூனிபாரத்தோடு முன்வரிசையில் நின்றார். டிரம் அதிர்ந்தது, டிரம்பெட்டும் கிளாரினெட்டும் எழும்பின. அப்பா கன்னத்தை உப்பிக்கொண்டு, இறங்காத பிஸ்டன்கள் மேல் விரலை ஆட்டிக்கொண்டு, கோயிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வாசல் வரை நடந்தார். "சம்பந்தி என்னமா ஊதுதாரு, பாத்தீயளா!" என்று ஒரு கிழவர் மெச்சினார். அடியில் ஒன்றுமில்லாமல் அந்தப் பாட்டு காற்றில் தொங்கியது எங்களுக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் முக்காட்டுக்குள் அக்கா அழுதுகொண்டு வந்தாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வாசலில் நின்று, "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் எந்தக் குழலையும் வாயில் வைக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் மாமாவும் போய்விட்டார்கள், அந்த பேண்டு செட்டும் இல்லை. இப்போது கல்யாணத்துக்கு வேனில் ஸ்பீக்கர் பெட்டிதான் வருகிறது. குழல் என் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒருதடவை நான் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, பார்த்த ஆள், நெளிசல் மட்டும் என்றால் எடுத்திருக்கலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

படுக்கையிலேயே கிடக்கும் அக்கா, அதைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள். பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோனேன். "ஊதத்தான் ஆகாது, ஆட்டியாவது பாரு" என்றாள். ஆட்டினேன். உள்ளே எங்கோ ஒரு கடலை காய்ந்து உருண்டது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"போதும்ட்டி, வச்சிரு."