உதட்டில் பட்ட பந்து

முப்பத்தாறு வயதில் அவளுக்குக் கல்யாணம் என்றதும் டிப்போவில் பாதிப் பேர் நம்பவில்லை. நகரப் பேருந்து ஓட்டுபவள். டிப்போவின் பெண்கள் சாஃப்ட்பால் அணியில் ஃபர்ஸ்ட் பேஸில், அதாவது மற்றவர்கள் எறியும் பந்தைப் பிடிக்கும் இடத்தில், நிற்பவள். யார் எப்படிக் கோணலாக எறிந்தாலும் பந்து அவள் கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘பசை’தான். மாப்பிள்ளை, அவள் வண்டியின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே சலூன் வைத்திருந்தவர். மனைவியை இழந்தவர். பத்து வயதில் ஒரு மகள் இருந்தாள். ஆள் சிறுசு, பேச்சு காரம். அதனால் அவளை மிளகு என்று கூப்பிடுவார்.

அந்தக் காரத்தைப் பசை பார்க்கவே இல்லை. சலூனுக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் மிளகு அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டாள். குடித்த டம்ளரை உடனே கழுவி வைப்பாள். சித்தி என்றும் கூப்பிடமாட்டாள், ஆன்ட்டி என்றும் கூப்பிடமாட்டாள். “அப்பா சாப்பிடக் கூப்பிடுறாங்க” என்று கதவைப் பார்த்துச் சொல்வாள்.

“பிள்ளை தங்கமா இருக்கே, உனக்கென்ன குறை?” என்றார்கள் டிப்போவில். தங்கமாக இருப்பதுதான் குறை என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் மிளகு பள்ளியிலிருந்து வீங்கிய உதட்டோடு வந்தாள். யாரிடமும் சொல்லாமல் பள்ளி சாஃப்ட்பால் அணியில் சேர்ந்திருந்தாள். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார்.

“நாளையிலேருந்து பந்தும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! பல்லு போயிருந்தா என்ன பண்ணுவே?”

மிளகு தலையைக் குனிந்துகொண்டாள். பசை அவள் முன்னால் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தாள். பிறகு, “பந்து நெஞ்சுக்கு நேரா வந்துச்சா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“எப்படிப் பிடிச்சே? கிளவுஸைப் போட்டுக் காட்டு.”

மிளகு பள்ளியில் கொடுத்த கிளவுஸை இடது கையில் மாட்டி, தட்டு ஏந்துவதுபோல் நெஞ்சுக்கு முன்னால் நீட்டினாள். விரல்கள் முன்பக்கம், உள்ளங்கை மேல்பக்கம்.

“அதான். ஏந்தினா பந்து கையில சறுக்கி நேரா மூஞ்சிக்குத்தான் வரும். உன் தைரியத்துல ஒரு குறையும் இல்ல, கை வச்ச விதம்தான் தப்பு” என்றவள், கணவன் பக்கம் திரும்பினாள். “நான் சொல்லித் தர்றேன். அதுக்கப்புறமும் அடிபட்டா நிறுத்திடலாம்.”

சலூனுக்குப் பின்னால் ஒரு சந்து. மறுநாள் மாலை அங்கே பாடம் தொடங்கியது. முதலில் கிளவுஸே இல்லை. காலுறைகளைச் சுருட்டி உருண்டையாக்கி, வெறும் இடது கையால் பிடிக்கச் சொன்னாள்.

“இடுப்புக்கு மேல வந்தா விரல் வானத்தைப் பார்க்கணும். இடுப்புக்குக் கீழ வந்தா தரையைப் பார்க்கணும். அவ்வளவுதான்.”

காலுறை உருண்டை வரைக்கும் நன்றாகத்தான் போனது. கிளவுஸை மாட்டி நிஜப் பந்து வந்ததும் மிளகின் முகம் தானாகத் திரும்பியது, கண் மூடியது. பசை சொல்லிக்கொண்டே போனாள்: பந்தைக் குத்தாதே, வரும்போதே கையைக் கொஞ்சம் பின்னால் இழு, உள்ளங்கையில் வாங்காதே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற குழியில் வாங்கு, விழுந்ததும் அடுத்த கையால் மூடு, முழங்கையை விறைக்காதே.

சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளர் பாதி முகத்தில் நுரையோடு பின்வாசலுக்கு வந்து நின்று, “பாப்பா, கண்ணைத் திற, கண்ணைத் திற” என்று தன் பங்குக்குச் சொன்னார்.

மிளகு கிளவுஸைக் கழற்றிச் சுவரில் அடித்தாள்.

“எத்தனையைத்தான் ஞாபகம் வச்சுக்கறது? நீங்க வாயை மூடினாத்தானே நான் பந்தைப் பார்க்க முடியும்!”

நுரைக்காரர் மெல்ல உள்ளே போனார். சலூன்காரர், “என்ன பேச்சு இது, மன்னிப்புக் கேளு” என்று வெளியே வந்தார். பசை அவரைத் தடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேற்று ஆளிடம் யாராவது இப்படி எரிந்து விழுவார்களா?

“சரி, மூடிட்டேன்” என்றாள். “ஒண்ணே ஒண்ணு மட்டும். பந்துல ஒரு சிவப்பு நூல் தையல் இருக்கு. அது கிளவுஸுக்குள்ள போற வரைக்கும் பாரு. பிடிக்கலேன்னாலும் பரவாயில்ல.”

மிளகு கிளவுஸை எடுத்து மண்ணைத் தட்டினாள். “உங்களுக்கு அடிபட்டிருக்கா?”

பசை வலது கைச் சுண்டுவிரலைக் காட்டினாள். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. “பிடிக்காத கையை முன்னால நீட்டி வச்சிருந்தேன். அதை கிளவுஸுக்குப் பக்கத்துல வச்சிருக்கணும்னு யாரும் சொல்லல.”

மிளகு அந்த விரலைத் தொட்டு, அசைத்து, திருப்பிப் பார்த்தாள். “ஸ்டியரிங் பிடிக்கும்போது வலிக்குமா?”

“மழைக்காலத்துல.”

அன்று நான்கைந்து பந்து கீழே விழுந்தது. பிறகு ஒன்று, ‘டப்’ என்று அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. மிளகு கிளவுஸுக்குள் எட்டிப் பார்த்தாள், யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல.

அதன்பின் வேலை முடிந்து பசை வரும் நேரத்துக்கு மிளகு சந்தில் தயாராக நிற்பாள். டிப்போ மெக்கானிக் ஒருத்தியின் மகளுக்குச் சிறிதாகிப்போன கிளவுஸ் மிளகுக்குக் கிடைத்தது. இருவரும் எண்ணெய் தடவிப் பிசைந்து அதன் விறைப்பைப் போக்கினார்கள். சலூன்காரரும் ஒரு நாள் எறிந்து பார்த்தார். பந்து பக்கத்து மாடி பால்கனியில் விழுந்தது. அதோடு அவரைக் கத்தரிக்கோலுக்கே அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தன்று பசை காலை ஷிப்டை முடித்துச் சீருடையோடு மைதானத்துக்குப் போனாள். ஒரு பந்து உயரமாக எழும்பி, மிளகுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் இறங்கியது. பிடிக்கப்போகிறவள் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது முறை. மிளகு, “என்னுது! என்னுது!” என்று கத்தினாள். மற்றவள் நின்று, “என்னது?” என்று கேட்டாள். “என்னுதுடி!” என்று இரைந்துகொண்டே மிளகு விரல்களை வானத்துக்கு விரித்துப் பிடித்தாள், அடுத்த கையால் மூடினாள். கண் கடைசிவரை திறந்தே இருந்தது.

ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். ஆனாலும் விளையாட்டு ஆசிரியை வந்து, “யாரு உனக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார். மிளகு சீருடையில் நின்றவளைக் கைகாட்டி, “எங்க வீட்டு ஃபர்ஸ்ட் பேஸ்” என்றாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் பசையின் தோளில் சாய்ந்து, அந்த ‘என்னது’ கேட்ட பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தாள். பசைக்கு இறங்கவே மனமில்லை. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவளுக்கு அன்றைக்குப் பயணியாக இருப்பது பிடித்திருந்தது.

மிளகுக்கு இப்போது பதினைந்து வயது. பசை அவளுக்கு வெளியே ‘சித்தி’, வீட்டில் ‘நீ’. அது எப்போது மாறியது என்று இருவருக்கும் நினைவில்லை. கழுவாத டம்ளர் மேசையில் கிடக்கிறது. அதற்காகத் தினமும் சண்டை நடக்கிறது. ஞாயிறு மாலைகளில் டிப்போ மைதானத்தில் இருவரும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். சலூன்காரர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, தண்ணீர்க் குடத்தோடு வந்து, விதி ஒன்றும் தெரியாமலே அம்பயரோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.