வயிற்றைக் கிழிக்காத வைத்தியம்

மண்ணூர் செல்லம்மாளுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பழைய நாட்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவர் மனசு போய் நிற்பது 1991-இல்தான். பல்பு கம்பெனியில் பேக்கிங் வேலை, செங்கல் லாரி ஓட்டும் கணவர் முனிரத்தினம், ஆறு வயது மகள் மதிவதனி. அப்போது அவருக்கு உலகமே இவ்வளவுதான்.

மகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். குளிரில் உடம்பு தூக்கிப்போடும். "சூட்டு ஒடம்பு" என்று எல்லாரும் இளநீர் கொடுக்கச் சொன்னார்கள். ஒருநாள் ஒன்றுக்குப் போகும்போது மதி முதுகைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இங்க வலிக்குது" என்று அழுதாள். மறுநாளே செல்லம்மாள் லீவு போட்டுவிட்டு அவளோடு சென்னைக்குப் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் மெல்லிய குழாய் வழியே மூத்திரப்பைக்குள் மருந்தை நிரப்பி, எக்ஸ்ரே மேசையில் படுக்கவைத்து, அப்படியே ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். இத்தனை பேர் நடுவில் எப்படிப் போவாள்? உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். செல்லம்மாள் குனிந்து, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல "ஸ்ஸ்ஸ்" என்றார். எக்ஸ்ரே எடுப்பவரும் சேர்ந்து "ஸ்ஸ்ஸ்" என்றார். மதி சிரித்துவிட்டாள். சிரித்ததில் போய்விட்டது. படமும் விழுந்தது.

"மூத்திரம் முழுசா கீழ வராம, மேல கிட்னிக்கே திரும்பிப் போவுதும்மா. ரெண்டு பக்கமும். அதான் அடிக்கடி காய்ச்சல். இப்படியே வுட்டா கிட்னி கெட்டுடும்" என்றார் டாக்டரம்மா.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்வதுதான் வழக்கம். புதிதாக வேறொன்று வந்திருந்தது. மயக்கம் கொடுத்து, மூத்திரம் வரும் வழியிலேயே சன்னமான குழாயை விட்டு, உள்ளே பார்த்துக்கொண்டே, கிட்னிக் குழாய் பைக்குள் திறக்கும் வாயின் அடியில் பசைபோன்ற மருந்தை ஊசியால் கொஞ்சம் வைப்பார்கள். அது மேடுகட்டி, மூத்திரம் மேலே திரும்பாமல் தடுக்கும்.

வீட்டில் நாத்தனார் சந்திரம்மாள் குதித்தார். "பொட்டப்புள்ளைக்கு அந்த எடத்துலயா குழா வுடுவாங்க? நாளைக்கு யார்னா கேட்டா இன்னா சொல்லுவ?"

"புள்ளைக்கு கிட்னி நல்லாகீதுன்னு சொல்லுவேன் அண்ணி."

முனிரத்தினம் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "லாரிய நிறுத்திட்டு நானும் வரேன்" என்றார்.

ஊசி வைத்த அன்று ஆஸ்பத்திரியில் அவர் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் குழந்தையை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். செல்லம்மாள் சட்டையைத் தூக்கி அவள் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஊருக்குத் திரும்பினார்கள். இப்போது கம்பெனி பஸ்கள் நெருக்கியடிக்கும் அந்த ரோட்டில் அன்றைக்கு இருபக்கமும் கடலைக் கொல்லைகள். செம்பரம்பாக்கம் ஏரிக்காற்றில் மதி அப்பா மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். அப்படியொரு பஸ் பயணம் பிறகு வாய்க்கவே இல்லை என்பார் செல்லம்மாள்.

சில மாதம் கழித்து எடுத்த படத்தில் ஒரு பக்கம் சரியாகியிருந்தது; மறுபக்கம் ஆகவில்லை. இன்னொரு முறை ஊசி வைக்க வேண்டியிருந்தது. அந்த முறை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மதி அம்மாவின் கையை விட்டாள்.

"நீ இங்கயே குந்திக்கோம்மா. எனக்கு வழி தெரியும்."

நர்ஸோடு உள்ளே போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அந்தக் காய்ச்சல் அவளுக்கு வந்ததே இல்லை.